வீட்டுக் குளியலறையில் கண்ணாடி ஷவர் தடுப்பு: அளவெடுப்பது முதல் சிலிகான் காய்வது வரை

ஒருவர் குளித்து வந்தபின் அறை முழுதும் நனைந்து கிடந்தால், அடுத்து உள்ளே போகிறவர் வழுக்கி விழலாம். நாளாக ஆக மரக்கதவின் அடிப்பகுதி உப்பும், அலமாரிக்குக் கீழே பூஞ்சை பிடிக்கும். குளிக்கும் இடத்தை மட்டும் கண்ணாடியால் தடுத்துவிட்டால் மீதி அறை காய்ந்தே இருக்கும். கைப்பழக்கம் உள்ள இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு நாளில் பொருத்திவிடக்கூடிய வேலைதான் இது.

ஆனால் அந்த ஒரு நாளுக்கு முன்னால் செய்கிற வேலைகளில்தான் எல்லாம் இருக்கிறது. இதற்குப் பயன்படுவது டஃபண்ட் கண்ணாடி. வெட்டி, துளையிட்டு, விளிம்பைத் தேய்த்து முடித்தபிறகு அதைச் சூளையில் 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, உடனே காற்றடித்துக் குளிர வைப்பார்கள். அதனால் சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு வலு கிடைக்கிறது. உடைந்தாலும் கத்தி போன்ற சில்லுகளாகாமல் சிறு மணிகளாக உதிரும். ஆனால் சூளையிலிருந்து வந்தபின் அதில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைக்க முடியாது, புதிதாக ஒரு துளை போட முடியாது. முயன்றால் மொத்தப் பலகையும் பொடியாகிவிடும். சுவர் சாய்ந்திருந்தாலும் தரை கோணலாக இருந்தாலும் கண்ணாடி விட்டுக்கொடுக்காது. ஆகவே முதலில் தரையும் சுவரும், அப்புறம் அளவு, கடைசியில்தான் கண்ணாடிக்கு ஆர்டர். புதிதாக இறங்குகிறவர்கள் இந்த வரிசையை மட்டும் மாற்றவே வேண்டாம்.

இடத்தை முடிவு செய்வது

80 செ.மீ.க்கு 80 செ.மீ. இடம் இருந்தால் ஒருவர் குளிக்கலாம். சோப்பு போடும்போது முழங்கை இடிக்காமல் இருக்க 90க்கு 90 வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டவோ, பெரியவர்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிக்கவோ நினைத்தால் 90க்கு 120 வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் வரைந்து பார்ப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மாஸ்கிங் டேப்பால் தரையில் அந்த அளவுக்குக் கட்டம் ஒட்டி, உள்ளே நின்று பாருங்கள். குனிந்து கால் கழுவுவதுபோல் செய்யுங்கள், தலைக்குத் தேய்ப்பதுபோல் கையைத் தூக்குங்கள். வீட்டில் உயரமானவரையும் பருமனானவரையும் நிற்கச் சொல்லுங்கள். 10 செ.மீ. கூட்டலாமா குறைக்கலாமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கதவு வழி குறைந்தது 55 செ.மீ., முடிந்தால் 60 செ.மீ. இருக்கட்டும். கீல் கதவு என்றால் அது திறக்கும் வளைவையும் தரையில் வரைந்து பாருங்கள்; கழிப்பறை இருக்கையோ வாஷ் பேசினோ அறைக் கதவோ குறுக்கே வரக்கூடாது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே யாராவது மயங்கிக் கதவோரமாக விழுந்துவிட்டால், உள்பக்கம் மட்டும் திறக்கிற கதவை வெளியிலிருந்து தள்ள முடியாது. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதில் சமரசம் செய்துகொள்ளவே கூடாது. இரண்டு பக்கமும் திறக்கிற கீல்களும் கிடைக்கின்றன.

உயரம் 190 முதல் 200 செ.மீ. வரை போதும். கூரை வரை கண்ணாடி வைத்தால் பார்க்க அழகுதான், ஆனால் ஆவி வெளியே போக வழியில்லாமல் உள்ளே எப்போதும் ஈரம் நிற்கும். மேலே இடைவெளி இருக்கட்டும். அறையில் ஜன்னலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஷவர் எந்தச் சுவரில் வருகிறது என்பதையும் இப்போதே யோசியுங்கள். தண்ணீர் நேராகக் கதவின்மேல் அடித்தால் எவ்வளவு நல்ல ரப்பர் பட்டை போட்டாலும் என்றைக்காவது கசியும். ஷவர் தலை மூடிய சுவரையோ அசையாத கண்ணாடியையோ பார்த்திருக்கட்டும். குழாய்த் திருகு தரையிலிருந்து 100 முதல் 110 செ.மீ. உயரத்தில், கதவு வழியே கையை நீட்டித் திறக்க வசதியாக இருக்க வேண்டும். முதலில் வருகிற குளிர்ந்த தண்ணீரையோ, சில சமயம் கொதிக்கக் கொதிக்க வருகிறதையோ தலையில் வாங்காமல் வெளியே நின்றே பதம் பார்த்துவிட்டு உள்ளே போகலாம். மின்சார ஸ்விட்ச், பிளக் பாயின்ட் எதுவும் தடுப்புக்குள்ளோ கை எட்டும் தூரத்திலோ இருக்கக் கூடாது. இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதை மாற்றுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அந்த இணைப்பில் இருக்கிறதா என்றும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

எந்த வகைத் தடுப்பு

கதவே இல்லாமல் ஒற்றைக் கண்ணாடியை நிறுத்துவதுதான் எனக்கு மிகவும் பிடித்த முறை. உருளைகள் இல்லை, கீல் இல்லை, அடிப்பட்டை இல்லை. கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. துடைப்பதும் சுலபம். ஆனால் அதற்கு நீளம் வேண்டும். கண்ணாடி 120 செ.மீ. அளவுக்கும், நடந்துபோகும் வழி 55, 60 செ.மீ.யும் இருந்தால்தான் தெறிப்பு வெளியே வராது. கண்ணாடியின் மேல் விளிம்பைச் சுவரோடு இணைக்கும் தாங்கு கம்பியும் அவசியம். அது இல்லாவிட்டால் கை பட்டவுடன் ஆடும்.

இடம் குறைவு என்றால் நகரும் கதவு நல்லது, வெளியே இடமே கேட்காது. கீழ்த் தடத்தில் அழுக்கும் சோப்பும் சேரும் என்பதுதான் அதன் குறை. உருளையை அழுத்திக் கதவின் அடியைக் கழற்றித் துடைக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கீல் கதவு திடமாக மூடும், துடைக்க எளிது. ஆனால் மொத்தப் பாரமும் சுவரிலுள்ள நாலைந்து ஸ்க்ரூக்களில் தொங்கும். மூலையில் வளைந்த கண்ணாடி வைப்பது சின்ன அறையில் நடைபாதையை மிச்சப்படுத்தும். ஆனால் அது உடைந்தால் அதே வளைவில் மாற்றுக் கண்ணாடி கிடைப்பது கஷ்டம்.

சட்டம் உள்ளதா, இல்லாததா? சட்டமில்லாத கண்ணாடிதான் படங்களில் கண்ணைப் பறிக்கும். ஆனால் அதற்குச் சுவர் நேராக இருந்தாக வேண்டும். கண்ணாடியின் விளிம்பு உட்காரும் பள்ளமான அலுமினியப் பட்டை, அதாவது சேனல், உள்ளவற்றில் ஒரு பக்கத்துக்கு 10 முதல் 25 மி.மீ. வரை உள்ளே வெளியே நகர்த்தும் இடம் இருக்கும், சுவரின் சாய்வை அதில் மறைத்துவிடலாம். முதல் முறையாக நீங்களே பொருத்துவதாக இருந்தால் சேனல் உள்ளதையே எடுங்கள்.

கனம் பற்றி ஒரு கணக்கு. கண்ணாடியின் எடை ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. கனத்துக்கு 2.5 கிலோ. சுற்றிலும் சட்டம் உள்ளதற்கு 6 மி.மீ. போதும். சட்டமில்லாதவற்றுக்கு 8 அல்லது 10 மி.மீ. வேண்டும். 90 செ.மீ. அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள 8 மி.மீ. பலகை 36 கிலோ வரும். அதுவே 10 மி.மீ. என்றால் 45 கிலோ. இதை ஒரே ஆள் தூக்கக் கூடாது என்பதும், உள்ளீடற்ற பிளாக் சுவரிலும் பலகைச் சுவரிலும் சும்மா ஸ்க்ரூ அடித்துத் தொங்கவிடக் கூடாது என்பதும் இந்த எண்ணிலேயே தெரியும். அப்படிப்பட்ட சுவர் என்றால் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே கீல் வரும் உயரத்தில் உள்ளே மரக்கட்டையோ இரும்புப் பட்டையோ வைக்க வேண்டும்.

தரை

கண்ணாடி தெறிப்பைத்தான் தடுக்கும். ஓடுகிற தண்ணீரை வெளியே விடாமல் வைப்பது தரையின் வாட்டம். இதில் கோட்டைவிட்டுவிட்டுக் கண்ணாடிக்கு அடியில் இடைவெளி அடைக்கும் சிலிகான் பசையை அடுக்கடுக்காகப் பூசுகிறவர்கள் பலர். எத்தனை முறை பூசினாலும் அங்கே தேங்குகிற தண்ணீர் ஒரு நாள் வழி கண்டுபிடித்துவிடும்.

வடிகாலை நோக்கி ஒரு மீட்டருக்கு 10 முதல் 20 மி.மீ. இறக்கம் வேண்டும். கண்ணாடி வரும் கோட்டிலிருந்து எல்லாப் பக்கமும் உள்நோக்கியே சரிய வேண்டும். டைல்ஸ் ஒட்டியபின் ஒரு வாளித் தண்ணீரைக் கதவு வரும் இடத்தில் ஊற்றிப் பாருங்கள். வெளிப்பக்கம் ஒரு கோடு ஓடினாலும் அங்கே கண்ணாடி வைக்காதீர்கள், தரையை முதலில் திருத்துங்கள். எல்லையில் 5 முதல் 7 செ.மீ. உயரத்துக்குச் சின்னத் திட்டு கட்டினால் பாதுகாப்பு கூடும்; திட்டின் தலையும் உள்நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கட்டும். சக்கர நாற்காலி வரவேண்டிய வீடென்றால் திட்டு வேண்டாம், வாட்டத்தை நம்பிச் சமதரையாக வையுங்கள். அக்ரிலிக் ஷவர் தட்டு வாங்கினால் இந்தக் கவலை குறைவு, வாட்டம் அதற்குள்ளேயே இருக்கும். அதைப் பொருத்தும்போது விளிம்பு நாலு பக்கமும் மட்டமாக இருந்தால் போதும். நீங்களாக அதைச் சாய்த்து வைக்க வேண்டியதில்லை.

டைல்சும் அதன் இடையில் நிரப்பும் கிரவுட்டும் தண்ணீரைத் தாமாகத் தடுப்பவை அல்ல. அவற்றுக்கு அடியில் வாட்டர்புரூஃப் பூச்சு தரை முழுதும், ஷவர் சுவர்களில் ஷவர் தலைக்கு மேல் வரையும் இருக்க வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையில் வலைத்துணிப் பட்டை வைத்துப் பூசச் சொல்லுங்கள், வெடிப்பு அங்கேதான் முதலில் வரும். பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்து, சில செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். பேனாவால் குறித்த மட்டம் இறங்கவில்லை, கீழ்த்தளக் கூரையில் ஈரம் இல்லை என்றால் மட்டுமே டைல்ஸ் வேலைக்குப் போகலாம். இந்த ஒரு நாளைக் கொத்தனார் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அளவெடுப்பது

டைல்ஸ் ஒட்டி, கிரவுட் நிரப்பி, எல்லாம் முடிந்தபின்தான் டேப்பை எடுக்க வேண்டும். வரைபடத்திலுள்ள அளவு இதற்கு உதவாது. பூச்சும் டைல்சும் சேர்ந்து ஒவ்வொரு பக்கமும் 2, 3 செ.மீ. சாப்பிட்டிருக்கும்.

சுவருக்குச் சுவர் அகலத்தை மூன்று இடங்களில் எடுங்கள்: தரையோரம், நடுவில், கண்ணாடி முடியும் உயரத்தில். மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். சேனல் உள்ள தடுப்புக்கு மூன்றிலும் குறைவானதைக் கொடுங்கள். சட்டமில்லாததற்கு மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். சுவரின் சாய்வுக்கு ஏற்ப விளிம்பை வெட்டித் தருவார்கள். அப்புறம் தூக்குக்குண்டோ நீளமான ரசமட்டமோ வைத்து, சுவர் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று பாருங்கள். மூலைக் கண்ணாடி என்றால் மூலை 90 டிகிரிதானா என்பதும் தெரிய வேண்டும். ஒரு சுவரில் மூலையிலிருந்து 60 செ.மீ., மற்றொன்றில் 80 செ.மீ. குறித்து, இரு புள்ளிகளுக்கும் இடையே அளந்தால் சரியாக 100 செ.மீ. வர வேண்டும். கூடினால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் குறுகியிருக்கிறது.

முடிந்தால் இன்னொருவரை எல்லாவற்றையும் தனியாக அளக்கச் சொல்லி, இரண்டு தாள்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணாடிக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

கண்ணாடி வந்ததும்

பெட்டியைப் பிரித்து முதலில் விளிம்புகளைப் பாருங்கள். டஃபண்ட் கண்ணாடியின் முகத்தில் பலமாகத் தட்டினாலும் தாங்கும். விளிம்பிலோ மூலையிலோ சின்ன அடி பட்டால் மொத்தமும் உதிரும். கடுகளவு சில்லு போயிருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். ஒரு மூலையில் தரச்சான்று முத்திரை கண்ணாடியிலேயே அழியாமல் பதிந்திருக்க வேண்டும். அது இல்லாததைக் குளியலறைக்குள் விடாதீர்கள். பலகையை ஒருபோதும் வெறும் டைல்ஸ் தரையில் நிறுத்தக் கூடாது. அட்டையோ ரப்பர் விரிப்போ போட்டு, அதன்மேல் கிட்டத்தட்ட நேராகச் சாய்த்து வையுங்கள்.

கைக்கு உறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், காலில் மூடிய செருப்பு இருக்கட்டும்.

பொருத்துவது

சுவர்ச் சேனலை அதன் இடத்தில் வைத்து, ரசமட்டத்தால் தூக்குப் பார்த்து (செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்து), துளை வரும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். துளை போடும் முன் உள்ளே எது ஓடுகிறது என்று யோசியுங்கள். குழாய்க்கு நேர் மேலும் நேர் கீழும் தண்ணீர் பைப் இருக்க வாய்ப்பு அதிகம். டைல்ஸ் ஒட்டும் முன்பே சுவரைப் படம் எடுத்து வைத்திருந்தால் இப்போது கைகொடுக்கும்.

குறியின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் டிரில் முனை வழுக்காது. சாதாரண செராமிக் டைலுக்கு ஈட்டி முனை உள்ள டைல்ஸ் பிட் போதும். விட்ரிஃபைட், போர்சலின் வகைக்கு வைர முனை பிட் வேண்டும். டிரில்லை இடித்துத் துளைக்கும் ஹேமர் நிலையில் வைக்காமல், மெதுவான வேகத்தில், அவ்வப்போது ஸ்பாஞ்சால் தண்ணீர் தொட்டு முனையைக் குளிர வைத்தபடி துளையுங்கள். டைலைத் தாண்டிச் சுவருக்குள் போனபிறகுதான் ஹேமரைப் போடலாம். தூசியை ஊதிவிட்டு, துளைக்குள் கொஞ்சம் சிலிகான் விட்டு, அப்புறம் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறையான ராவல் பிளக்கைச் செருகுங்கள். அந்தத் துளை வழியாகச் சுவருக்குள் ஈரம் போவதை அது தடுக்கும்.

தரைச் சேனலுக்குத் துளையே போடாதீர்கள். வாட்டர்புரூஃப் பூச்சை நீங்களே குத்திக் கிழிப்பதற்குச் சமம் அது. சேனலின் அடியில் சிலிகான் விட்டு ஒட்டினால் போதும், கண்ணாடியின் பாரமே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அடிச் சட்டத்தில் சின்ன நீர்வடி துளைகள் இருந்தால் அவை ஷவரின் உள்பக்கம் பார்த்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள். தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டு, தடுப்பே கசிகிறது என்று நினைப்பது சகஜம்.

இப்போது இரண்டு பேராக அசையாத பலகையைத் தூக்கிச் சேனலில் இறக்குங்கள். கண்ணாடி உலோகத்தையோ டைலையோ நேராகத் தொடக்கூடாது. அடியில் பிளாஸ்டிக் அடைப்புத் துண்டுகள், ஸ்க்ரூ வரும் இடங்களில் ரப்பர் வாஷர்கள் கட்டாயம். முதலில் எல்லா ஸ்க்ரூவையும் பாதி அளவே முறுக்கி, தூக்குப் பார்த்து, மேலே தாங்கு கம்பியைப் பொருத்தி, அதன்பிறகே கையால் முழுதாக முறுக்குங்கள். பவர் ஸ்க்ரூ டிரைவர் இங்கே வேண்டாம், ஒரு சுற்று கூடினாலும் கண்ணாடி போய்விடும்.

கதவு கடைசி. கீலை மாட்டி, மேலிருந்து கீழ் வரை இடைவெளி சீராக வரும்படி சரி செய்யுங்கள். காந்தப் பட்டைகள் முழு உயரத்துக்கும் ஒட்ட வேண்டும். கதவின் அடிப்பட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் உதடு உள்பக்கம் பார்க்கட்டும். கண்ணாடியில் வழிகிற தண்ணீரை அது ஷவருக்குள்ளேயே சொட்டவிடும்.

சிலிகான்

குளியலறைக்கென்று பூஞ்சைத் தடுப்பு சேர்த்து வருகிற சிலிகானை வாங்குங்கள். சுற்றிலும் மார்பிள் போன்ற இயற்கைக் கல் இருந்தால் வினிகர் வாடை அடிக்கும் வகை ஆகாது, அதன் அமிலம் கல்லில் கறை விடும். நியூட்ரல் வகை வேண்டும். இடம் எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும். பழைய சிலிகான்மேல் புதியது ஒட்டாது என்பதால் பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

சட்டம் உள்ள தடுப்பில் சிலிகானை வெளிப்பக்கம் மட்டும் பூசுவது வழக்கம். பலருக்கு இது வியப்பாக இருக்கும். சட்டத்துக்குள் கொஞ்சம் தண்ணீர் எப்படியும் நுழையும். உள்பக்கத்தை அடைத்தால் அது திரும்பி ஷவருக்குள் வடிய வழியில்லாமல் வெளியே வரப் பார்க்கும். உங்கள் தடுப்போடு வந்த குறிப்பில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கோட்டின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரே ஓட்டமாகப் பூசி, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒருமுறை இழுத்துவிட்டு, தோல் பிடிக்கும் முன் டேப்பை உரித்துவிடுங்கள். 24 மணி நேரம் யாரும் குளிக்கக் கூடாது.

சோதனையும் பராமரிப்பும்

அடுத்த நாள், வெளியே தரையோரம் செய்தித்தாளை விரித்துவிட்டுச் சோதியுங்கள். ஷவரை எடுத்த எடுப்பில் முழுதாகத் திறந்தால் எங்கே கசிகிறது என்று பிடிக்க முடியாது. முதலில் கண்ணாடி நனையாமல் தரையில் மட்டும் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். தாள் நனைந்தால் குறை அடிச் சேனலிலோ வாட்டத்திலோ இருக்கிறது. நனையாவிட்டால் கைஷவரால் கீழ் மூலைகளில் அடியுங்கள், பிறகு சுவர்ச் சேனல், பிறகு கதவின் பட்டைகள் என்று கீழிருந்து மேலே போங்கள். எந்தக் கட்டத்தில் தாள் நனைகிறதோ அந்த இடத்தை மட்டும் காயவிட்டுத் திரும்பச் செய்தால் போதும்.

குளித்ததும் ரப்பர் வைப்பரால் கண்ணாடியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் உப்புக்கறை படியாது. படிந்துவிட்டால் தண்ணீர் கலந்த வினிகரைக் கண்ணாடியில் மட்டும் தடவி, சில நிமிடம் கழித்துக் கழுவுங்கள். கல்லின்மேல் அது படக்கூடாது. கம்பி நாரும் தேய்ப்புப் பொடியும் கோடு போட்டுவிடும். ரப்பர் பட்டைகள் காலப்போக்கில் மஞ்சளாகி விறைக்கும். தடுப்பை வாங்கும்போதே பட்டையின் வகையையும் கண்ணாடியின் கனத்தையும் எழுதி வைத்துக்கொண்டால் மாற்றுப் பட்டை வாங்குவது சுலபம். வருஷத்துக்கு ஒருமுறை கீல் ஸ்க்ரூக்களைக் கையால் முறுக்கிப் பாருங்கள். கதவு தொங்கிக் கண்ணாடி விளிம்பு டைலில் உரசத் தொடங்கினால் அன்றே சரி செய்துவிடுங்கள்.